கிட்லேப் தரவு இழப்பு, 2017

கிட்லேப் என்பது மென்பொருள் உருவாக்குநர்கள் நிரல்களைச் சேமித்துக் கூட்டாகப் பணியாற்ற உதவும் இணையச் சேவையாகும். 2017 சனவரி 31 அன்று இதன் தரவுத்தளம் அழிந்தது.

உலகப் பொது நேரப்படி அன்றிரவு, முதன்மை வழங்கியிலிருந்து துணை வழங்கிக்குத் தரவு நகலாவது நின்றுபோனது. அதைச் சீராக்க முயன்ற பொறியாளர், துணை வழங்கியின் கோப்புறையை அழிப்பதாக எண்ணி, முதன்மை வழங்கியில் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும் சுமார் 300 கிகாபைட் தரவு அழிந்தது.

நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய காப்புநகல்களைத் தேடியபோது, அவற்றுக்கான சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பிலும், நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பிலும் இயங்கியதால் நகலெடுப்பு தொடர்ந்து தோல்வியடைந்திருந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள், அனுப்புநரைச் சரிபார்க்க இயலாததால் நிராகரிக்கப்பட்டிருந்தன. வட்டு முழுவதையும் நகலெடுக்கும் வசதி தரவுத்தள வழங்கிகளுக்கு இயக்கப்படவே இல்லை.

சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு பணிக்காகக் கைமுறையாக எடுத்த நகலே இறுதியில் உதவியது. பிப்ரவரி 1 மாலை சேவை மீண்டது. நிரல் களஞ்சியங்கள் தப்பின. எனினும் இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, காப்புநகல்களைச் சோதிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. நகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் தானியங்கிச் சோதனையும் திருத்த நடவடிக்கைகளில் சேர்க்கப்பட்டது.