கோயி, கோளி, கோழி: தென்காசிப் பக்கத்து ழகரமும் யாக்கப்சனின் ஏணியும்

குழந்தைகள் ஒலிகளைக் கற்கும் வரிசை எல்லா மொழிகளிலும் ஒன்றே என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1941இல் வாதிட்டார். நாஜிகளுக்குத் தப்பி நாடுநாடாக அலைந்த காலத்தில் சுவீடனில் ஜெர்மன் மொழியில் வெளியான நூல் அது. 1968இல் ஆங்கிலத்துக்கு வந்தபின் குழந்தை மொழி ஆய்வில் அதைத் தொடாமல் நகர்ந்தவர் அரிது. அவர் போட்ட ஏணியில் அகரமும் இதழொலியும் முதற்படி. அடுத்து மூக்கொலி, பல்லொலி, அதன்பின் அடிநா ஒலி. நம் இடையினத்து ர, ல, ள, ழ போன்றவை உச்சிப்படி. உலகில் அரிதான ஒலியைக் குழந்தை கடைசியில் எட்டும். மூளை பாதித்துப் பேச்சிழப்பவர் அதையே முதலில் இழப்பார். இவ்வளவு அழகாக அமைந்த கோட்பாடு என்பதாலேயே அதைக் கூர்ந்து சோதிக்க வேண்டியிருக்கிறது.

முதற்படியில் எனக்குப் பிணக்கில்லை. அம்மா, அப்பா, மம்மு எல்லாம் அவர் பக்கமே பேசும். தாய் தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களை மானிடவியலாளர் மர்டாக் பல மொழிகளிலிருந்து திரட்டியிருந்தார். அதைக் கொண்டு யாக்கப்சன் 1960இல் எழுதிய கட்டுரையும் வலுவானதே. சிக்கல் அடுத்த படிகளில்தான் தொடங்குகிறது. அவர் கையாண்ட சான்றுகளில் பெரும்பகுதி ஐரோப்பியப் பெற்றோரும் அறிஞரும் எழுதிவைத்த நாட்குறிப்புகள். அம்மொழிகளில் குழந்தையின் காது சொல்லின் முதல் மெய்யில் நிற்கும் என்று கொள்ளலாம். தமிழ்ப் பிள்ளை முதலில் கேட்கும் உறவுச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: அக்கா, ஆச்சி, பாட்டி, தாத்தா, அப்பா, அண்ணன். மெய் இரட்டித்து அழுத்தமாக நிற்பது சொல்லின் நடுவில். டகரம், ணகரம், ளகரம், ழகரம் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா என்பது தொல்காப்பியம் காட்டும் வரம்பு. நாவை மடித்து ஒலிக்கும் இந்த நாமடி ஒலிகளை அடையாளம் காட்டும் குறிப்பு பெரும்பாலும் அதற்கு முன்வரும் உயிரில் இருப்பதால், இந்த வரம்புக்குச் செவியின் நியாயமும் உண்டு. நடுவில் இரட்டித்த மெய்யைப் பிடித்துக்கொண்டு முதல் மெய்யை விட்டுவிடும் வழக்கம் பின்லாந்துக் குழந்தைகளிடமும் பதிவாகியிருக்கிறது. குவாத்தமாலாவின் கிச்சே மொழியில் சகரமும் லகரமும் முந்திவரும் என்று பை, இங்கிராம், லிஸ்ட் 1987இல் காட்டினர். அம்மொழிச் சொற்களில் அவ்வொலிகள் சுமக்கும் வேலை அதிகம். லகரம் ஏணியின் உச்சியில்தான் இருக்கும் என்ற விதி அங்கேயே ஆட்டம் காண்கிறது.

மழலையில் உலகத்து ஒலியெல்லாம் வரும், பேச்சு தொடங்கும்போது அவை அற்றுப்போகும் என்ற யாக்கப்சனின் இன்னொரு கூற்றை விஹ்மனும் உடன் ஆய்ந்தோரும் 1985இல் மறுத்துவிட்டனர். மழலையில் எந்த ஒலிகள் மிகுதியோ அவையே முதற்சொற்களிலும் மிகுதி.

இனி ழகரம். திருமங்கலம்–கொல்லம் சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடைப்பட்ட வாசுதேவநல்லூரில் என் உறவினர் வீட்டுப் பிள்ளை, இரண்டு வயது கடந்தவள், முற்றத்தில் மேய்ந்த கோழியைக் "கோயி" என்றாள். மழையும் அவளுக்கு "மயை". அந்த வீட்டில் யாரும் யகரம் போடுவதில்லை. ஆச்சி வாயில் அது "கோளி", "மளை". சில மாதம் கழித்துப் போனபோது அவளும் "கோளி" என்றாள். இதில் நான் விடாமல் பற்றிக்கொள்வது வேறொன்று. "கோயி" என்ற நாளிலேயே "பிள்ள", "வெள்ள" இரண்டும் அவள் வாயில் பிசகாமல் வந்தன. ளகரம் அவளுக்கு வராத ஒலி அல்ல. இரட்டித்த இடத்தில் வந்துவிட்டது, ஒற்றையாய் நின்ற இடத்தில் வரவில்லை. அப்படியானால் ஏணியின் படி ஒலியில் இல்லை, சொல்லில் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஒரே பிள்ளையின் வாய்மொழி இது, சான்று மெலிதுதான். ஆனால் விலக்கே இல்லாத விதி என்று ஒருவர் சொல்லும்போது அதை எதிர்க்க ஒரு பிள்ளை போதும்.

யாக்கப்சன் வழி நிற்பவர் ஒருவர் கேட்கலாம்: ழகரம் கடைசியில் வருவதால்தானே தெற்கே அது ளகரத்தில் கலந்தது? மலைக்கு அந்தப் பக்கம் பார்க்கச் சொல்வேன். ஆரியங்காவுக் கணவாய் தாண்டினால் கொல்லம், பத்தனம்திட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் மழ, புழ, கோழி என்று ழகரத்தோடுதான் வளர்கிறார்கள். கணவாய்க்கு இப்பால் உள்ள செங்கோட்டையே திருவிதாங்கூரோடும், பின் 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்த ஊர். நாக்கும் அண்ணமும் இருபுறமும் ஒன்றே. கடினத்தால் ஒலி சாகுமென்றால் அங்கேயும் செத்திருக்க வேண்டும்.

கலப்பு எப்போது தொடங்கியது என்று அறுதியிட முடியவில்லை. தென்மாவட்டத்துப் பொதுமக்கள் ழகரத்தை ளகரமாக ஒலிப்பதை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இன் ஒப்பிலக்கணத்தில் குறித்தார். அதற்கு முந்தைய கல்வெட்டுகளில் ழகர ளகர மயக்கம் தென்பட்டாலும், அது எழுதியவர் கையின் பிழையா ஊர் வாயின் ஒலியா என்று பிரிப்பது எளிதல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே முயற்சியில் பிறப்பனவாகச் சேர்க்கிறது. லகரமும் ளகரமும் வேறு கூட்டு. தெற்கத்திப் பேச்சு அந்தக் கூட்டைக் கலைத்திருக்கிறது. ஆனால் அதன் நாளை எந்த ஏட்டிலும் நான் கண்டதில்லை.

இந்தி மொழியின் பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் ஆங்கில வீட்டுச் சிசுக்கள் ஆறெட்டு மாதத்தில் பிரித்துக் கேட்டன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் மங்கிப்போனது. வெர்க்கரும் டீஸும் 1984இல் கண்டது இது. பேசத் தொடங்குமுன்பே வீட்டுக் காதுதான் பிள்ளைக்கு வாய்க்கிறது என்றால், வாசுதேவநல்லூர்ப் பிள்ளை "கோளி" என்பது கற்றலின் குறை அல்ல. கற்று முடித்ததன் அடையாளம் அது. எழுத்துத் தமிழின் ழகரத்தைப் பள்ளியில் அவள் தனியே கற்பாள்; அது வேறு பாடம். தென்காசி மாவட்டத்தில் பிள்ளைகளின் உச்சரிப்பைச் சோதிக்கும் அங்கன்வாடிப் பணியாளரும் பேச்சுப் பயிற்சியாளரும், "பளம்" என்றதற்குப் பிழைக்குறி போடுமுன், வாசலில் நிற்கும் தாயையும் ஆச்சியையும் ஒருமுறை "பழம்" சொல்லச் சொல்லிக் கேட்கட்டும்.