தூக்குவாளிக் கோசுமல்லி

கிடாய் வெட்டுக்குக் கொண்டுபோன கோசுமல்லி ரசமாகிப்போன வருஷத்தில்தான் எங்கள் வீட்டு அடுக்குக் கோசுமல்லி பிறந்தது.

குஜிலியம்பாறையிலிருந்து குலசாமி கோயிலுக்கு டாட்டா ஏஸில் ஒன்றரை மணி நேரம். சித்திரை வெயில். விடியும் முன்பே உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கலந்து மூடிவைத்தவன் நான்தான். பந்தியில் மூடியைத் திறந்தால் பருப்பும் வெள்ளரித் துண்டும் கலங்கல் தண்ணீரில் மிதந்தன. "என்னப்பா இது, மாட்டுக்குக் கழனித்தண்ணியா?" என்றார் மாமா. கறிச்சோற்றுக்கு நடுவே அதை யாரும் சீண்டவில்லை.

குற்றம் உப்புடையது. நறுக்கிய காயில் உப்புப் பட்டால், உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். வெள்ளரியில் நூற்றுக்குத் 95 பங்கு தண்ணீர், கேட்கவா வேண்டும். இதில் வேடிக்கை, கோசுமல்லியும் ஒரு சாலட்தான், அந்தச் சாலட் என்ற சொல்லே உப்பில் பிறந்தது. லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. உப்பிட்ட பச்சிலைக்கு வந்த பெயர்தான் மொழி மொழியாகத் தேய்ந்து சாலட் ஆனது. ரோமானியர்கள் அதை டாட்டா ஏஸில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

கோசுமல்லிக்கும் முட்டைக்கோசுக்கும் உறவில்லை. கன்னடத்தில் கோசம்பரி என்பார்கள். ராமநவமிக்குப் பானகம், நீர்மோருடன் கோயிலில் கொடுப்பது அதுதான். செட்டிநாட்டுக்காரரிடம் கேட்டால் கத்திரிக்காயை மசித்து இட்லிக்குத் தருவார். அது வேறு கதை. எங்கள் கோசுமல்லியில் சேரும் பாசிப்பருப்பு, வெள்ளரி, மாங்காய் மூன்றும் இந்த நாட்டிலேயே பயிரானவை. பச்சை மிளகாய் கடல் தாண்டி வந்தது. கேரட்டை எங்கள் பக்கம் இன்றும் 'இங்கிலீஷ் காய்' என்றுதான் சந்தையில் கேட்போம். அது கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிறது. 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து வீடு கட்டிக் குடியேறினார்களே, அதே மலை.

அடுத்த வருஷம் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். பருப்பை அரை மணி நேரம் மட்டும் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்துத் தூக்குவாளியின் அடியில் பரப்பினார். "இன்னும் ஊறணுமே அத்தை" என்றேன். "மிச்சத் தாகத்த வெள்ளரிக்கா தீர்த்துக்கும்டா" என்றார். அதன்மேல் விதை நீக்கிய வெள்ளரி. அதற்கு மேலே மாங்காய், உச்சியில் கேரட் துருவல், கறிவேப்பிலை. மேலிருந்து கசிவதெல்லாம் கீழே பருப்புக்குள் போய்விடும். உப்பு தனியாகக் காகிதப் பொட்டலத்தில், எலுமிச்சை முழுப்பழமாக. தேங்காயைத் துருவி எடுத்துப் போனால் வெயிலுக்கு ஊசிப்போகும். அதனால் சாமிக்கு உடைக்கிற தேங்காயே போதும் என்றுவிட்டார்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. ஏழடுக்கு சாலட் என்பார்கள். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் லெட்டூஸ் கீரை, நடுவே வெங்காயம், பச்சைப் பட்டாணி, அவித்த முட்டை. எல்லாவற்றுக்கும் மேலே மயோனைஸை விளிம்புவரை பூசி மூடிவிடுவார்கள். ரிச்சர்ட் ஹெல்மன் நியூயார்க்கில் 1912-இல் மயோனைஸைப் புட்டியில் விற்றார். 1930-இல் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐயின் உறைந்த பட்டாணி கடைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜும் சேர்ந்ததும், ராத்திரியே அடுக்கிவைத்து மறுநாள் பிக்னிக்குக்கும் தீயில் கறி வாட்டும் விருந்துக்கும் தூக்கிப்போவது சுலபமாயிற்று. ஈரத்துக்கும் கீரைக்கும் இடையே காய்களை நிறுத்திவைக்கிற தந்திரம் அது. கண்ணாடிக் கிண்ணம் அழகு காட்டுவதற்கு. எங்கள் எவர்சில்வர் தூக்குவாளியில் எத்தனை அடுக்கு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அத்தைக்கு அதுபற்றிக் கவலை இல்லை.

பந்தி உட்கார்ந்து, கறிக்குழம்பு வாளி இரண்டு இலை தாண்டிய பிறகுதான் அவர் மூடியைத் திறந்தார். தேங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, உப்புப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவி, இரண்டு பழம் பிழிந்து, அடிவரை கைவிட்டு ஒரே புரட்டு. பருப்பு நறுக்கென்று இருந்தது. மாமா இலை ஓரத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டார், போன வருஷம் சொன்னதை மறந்தவர்போல. மறுபடி வாளி வந்தபோது இலையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.