மாடு தின்னும் என்று சிரித்த கார்



துருக்கி என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் எர்துருல் நாடகமும் இஸ்தான்புல் பள்ளிவாசல்களும்தான் ஞாபகம் வரும். இன்று அதே துருக்கியின் வேறொரு கதையைச் சொல்கிறேன். இது ஒரு காரின் கதை. பைபர் வேலை செய்கிற எங்கள் பொடியன்மாருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1961ஆம் ஆண்டு சொந்தமாக ஒரு கார் செய்து காட்ட வேண்டும் என்று துருக்கி அரசு முடிவெடுத்தது. எஸ்கிஷெஹிர் நகரத்து ரயில்வே தொழிற்சாலையில் பொறியியலாளர்கள் இரவு பகலாக வேலை செய்து, சில மாதங்களில் நான்கு கார்களை முடித்தார்கள். பெயர் 'தேவ்ரிம்', அதாவது புரட்சி. ஒக்டோபர் 29 குடியரசு தினத்தன்று அங்காராவில் ஜனாதிபதி ஜெமால் குர்செல் ஏறிய கார் நூறு மீட்டர் அளவு ஓடி நின்றுவிட்டது. ரயிலில் ஏற்றி வரும்போது பாதுகாப்புக்காகத் தாங்கியில் கொஞ்சம் பெட்ரோல்தான் விட்டிருந்தார்கள். அது தீர்ந்துபோனது, அவ்வளவுதான். ஜனாதிபதி இன்னொரு தேவ்ரிமில் ஏறிப் பயணத்தைத் தொடர்ந்தார். ஆனால் ஊரெல்லாம் பேசியது நின்றுபோன காரைப் பற்றித்தான். தேவ்ரிம் அந்த நான்கோடு முடிந்தது.

அடுத்த முயற்சியைச் செய்தவர் தொழிலதிபர் வெஹ்பி கோச். அவருடைய ஒட்டோசான் நிறுவனம் இஸ்தான்புலில் ஃபோர்ட் வாகனங்களைப் பொருத்திக்கொண்டிருந்தது. இயந்திரத்தை ஃபோர்டிடம் வாங்கலாம். பெரிய பிரச்சினை வண்டியின் உடல். ஒரு மட்கார்டைத் தகரத்தில் அழுத்தி எடுக்க, அதற்கென்று ஓர் இரும்பு அச்சும் மிகப் பெரிய பிரஸ் இயந்திரமும் வேண்டும். கதவுக்கு வேறு அச்சு, பொனட்டுக்கு வேறு அச்சு. பல்லாயிரம் கார்கள் விற்றால்தான் அந்தச் செலவு திரும்பி வரும். சில ஆயிரம் கார் விற்கிற நாட்டுக்கு அது கட்டாது.

இதற்கு விடை அமெரிக்காவில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1930களில் ஒஹாயோ மாநிலத்தில் கண்ணாடியை உருக்கி மெல்லிய நாராக இழுக்கும் முறையைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கினார்கள். அந்த நாரை ரெசினில் ஊறவைத்து இறுகவிட்டால் பாரமில்லாத, துருப்பிடிக்காத, உறுதியான பலகை வரும். கொங்கிரீட்டுக்குள் கம்பி எதைச் செய்கிறதோ அதை ரெசினுக்குள் கண்ணாடி நார் செய்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ராடார் மூடிகளுக்கு இது பயன்பட்டது. போர் முடிந்ததும் படகுக்கும் காருக்கும் வந்தது. 1953 ஜூன் 30ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் முதல் கொர்வெட் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அந்த வருடம் செய்தது மொத்தம் 300 கார்கள். எல்லாமே வெள்ளை நிறம், எல்லாவற்றின் உடலும் பைபர். கொர்வெட் இன்று வரைக்கும் தகர உடலுக்கு மாறவில்லை.

கோச் இங்கிலாந்தின் ரிலையன்ட் நிறுவனத்தை நாடினார். மிஸ்டர் பீன் எப்போதும் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும் அந்த நீல நிற மூன்று சில்லு வண்டி ஞாபகம் இருக்கிறதா? அது ரிலையன்ட் செய்ததுதான். பைபர் உடலில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். அவர்கள் தயாரித்துக் கொடுத்த வடிவத்தில் 1966 டிசம்பர் 19ஆம் திகதி துருக்கியில் 'அனடோல்' உற்பத்தி ஆரம்பமானது. அனடோலியா என்ற மண்ணின் பெயரிலிருந்து வந்த பெயர். காரின் சின்னமாக அந்த மண்ணின் பழைய ஹிட்டைட் மக்கள் செய்த மானின் உருவத்தை வைத்தார்கள்.

கார் ஓடியது, விற்றது. கூடவே ஒரு கேலியும் பரவியது. அனடோலை வெளியில் நிறுத்தினால் மாடு தின்றுவிடும், ஆடு கடித்துவிடும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், கொர்வெட்டும் அதே கண்ணாடி நார், அதே வகை ரெசின். அமெரிக்கன் செய்தால் பணக்காரனின் ஸ்போர்ட்ஸ் கார், துருக்கிக்காரன் செய்தால் மாட்டுத் தீவனம். சிரித்தவர்களில் பெரும்பாலானோர் துருக்கியர்களே. எனக்கு மிகவும் உறைத்த இடம் இதுதான்.

அந்தக் கேலிக்கு நடுவில்தான் எரால்ப் நோயான் என்ற துருக்கிய வடிவமைப்பாளர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தார். பெயர் அனடோல் எஸ்டிசி-16. நீண்ட மூக்கு, வெட்டிவிட்டது போன்ற பின்பக்கம், 1600 சிசி ஃபோர்ட் இயந்திரம். இருந்த அனடோலின் சேசியைக் குட்டையாக்கி, அதன்மேல் புதிய பைபர் உடலைப் பொருத்தினார்கள். 1973இல் விற்பனைக்கு வந்தது. அதே வருடம் ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டொலரளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டொலரளவுக்குப் போனது. பெட்ரோல் விலை மட்டும் ஏறவில்லை. ரெசினும் எண்ணெயிலிருந்து வருவதுதானே, உடலின் விலையும் ஏறியது. 1975இல் உற்பத்தி நின்றது. செய்தது மொத்தம் 176. இன்று சேகரிப்பவர்கள் அதைத் தேடித் திரிகிறார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். இப்படியான பழைய வண்டியின் மட்கார்ட் உடைந்தால் கடையில் வாங்க முடியாது. உடையாத இன்னொரு வண்டியின் மட்கார்டுக்கு மெழுகு பூசி, அதன்மேல் ஜெல் கோட்டும் மெட்டும் ரெசினும் போட்டு முதலில் அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்குள்தான் புதிய மட்கார்ட் பிறக்கும். ரெசின் இறுகும்போது சுருங்கும். அவசரப்பட்டு அச்சிலிருந்து கழற்றினால் முறுக்கிக்கொள்ளும். கையால் போட்ட எந்த இரண்டு பைபர் துண்டும் ஒரே மாதிரி வராது. அதனால் ஓரத்தைச் சற்று அதிகமாக விட்டு, வண்டியில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். முதலில் கதவைச் சரியாகத் தொங்கவிட்டு, அந்த இடைவெளியைப் பார்த்து மட்கார்டையும் பொனட்டையும் ஒழுங்குபடுத்துவார்கள். ஆணியை நேரே இறுக்கினால் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும், ஆகவே அகலமான வொஷர் வேண்டும். தகர வண்டியில் உடலே மின்சாரத்துக்குத் திரும்பும் வழி. பைபரில் அது நடக்காது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக ஏர்த் வயர் இழுக்காவிட்டால் எரியாது.

இவ்வளவையும் வாசிக்கும்போது மீனவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். எங்கள் கரையில் நிற்கிற பைபர் போட்டும் இதே மெட், இதே ரெசின், இதே அச்சு முறைதான். உடைந்த போட்டைத் திருத்துகிற பொடியனுக்கு அனடோலின் மட்கார்டைப் போடத் தேவையான கைப்பழக்கத்தில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் அவனை நாங்கள் எப்படிப் பேசுகிறோம்? "ஓ/எல் சரிவரல்ல, பைபர் ஒட்டப் போயிட்டான்." அனடோலைப் பார்த்து மாடு தின்னும் என்று சிரித்தவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? நான் வகுப்பறையில் நிற்கிறவன். எல்லாப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். போகாதவன் தோற்றவன் என்று அவன் காதில் விழும்படி சொல்வதுதான் பிழை. தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பில் கவசம் செய்து, தன் கை உழைப்பில் சாப்பிட்டவர்கள். இதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, கராஜ் பாஸுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறோம்.

பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்புகிற பெற்றோருக்கு ஒரு விடயம். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூளும் ரெசின் புகையும் சுவாசப்பையைக் கெடுக்கும். கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் இல்லாமல் வேலை வாங்குகிற இடத்தில் விடாதீர்கள். அளவு எடுக்கவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கிற பாஸிடம் விடுங்கள். இரண்டு வருடத்தில் அவன் கையில் ஒரு தொழில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் ஊரில் பைபர் வேலை செய்கிற தம்பிமார் யாராவது இதை வாசித்தால், நீங்கள் செய்த வேலையின் படமொன்றைக் கீழே போடுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.