ரெண்டு கோடு வந்த பிறகு தொடங்கினா லேட்! ஃபோலிக் ஆசிட் மாத்திரையை எப்போ ஆரம்பிக்கணும்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற மாதிரி சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அங்கேயோ, ஒரகடத்துல ஏதோ ஒரு ஹாஸ்டல்லயோ தங்கி கம்பெனி பஸ் பிடிக்கிறவரா நீங்க? அடுத்த ஒண்ணு, ரெண்டு வருஷத்துல கல்யாணம், குழந்தைனு யோசனை இருந்தா இது உங்களுக்குத்தான். இல்லைன்னாலும் படிச்சு வைங்க, ரூம்மேட்டுக்கு உதவும்.

ஒரு சின்ன கணக்கு. பீரியட்ஸ் தள்ளிப்போற அன்னிக்கே, கரு உருவாகி சுமார் ரெண்டு வாரம் ஆகியிருக்கும். 'நைட் ஷிஃப்ட்டால தள்ளிப்போகுது'னு நினைச்சு இன்னும் ஒரு வாரம் விடுவோம். அப்புறம் டெஸ்ட் கிட், லீவு சொல்றது, டாக்டரைப் பார்க்கிறது... நாலு வாரம் ஓடிடும். கருவோட மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அஸ்திவாரமான நரம்புக் குழாய் மூடி முடியறது கிட்டத்தட்ட 28-வது நாளில். தட்டையான ஒரு தகடு சுருண்டு குழாயாகிற வேலை அது. கீழ்ப்பக்கம் மூடாம போனா ஸ்பைனா பிஃபிடா: முதுகில் அறுவை சிகிச்சை, கால்களில் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாத சிரமம். மேல்பக்கம் மூடலைன்னா குழந்தை பிழைக்காது.

இதில் பெரும்பகுதியைத் தடுக்கக்கூடியது ஃபோலிக் ஆசிட். அதோட கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1928-ல் லூசி வில்ஸ்னு ஓர் ஆங்கிலேய டாக்டர் பம்பாய் வந்தாங்க. அங்கே துணி மில்லில் வேலை பார்த்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கடுமையான ரத்தசோகைக்குக் காரணம் தேடினாங்க. அந்த ஆராய்ச்சி குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டுக்கும், 1931-ல் நம்ம திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கும் வந்தது. மார்மைட்டில், அதாவது ஈஸ்ட் சாறில், இருக்கிற ஏதோ ஒண்ணு அந்த ரத்தசோகையைக் குணமாக்குதுனு கண்டுபிடிச்சாங்க. அந்த 'ஏதோ ஒண்ணு'தான் ஃபோலேட். ஷிஃப்ட் வேலை பார்த்த பெண்களோட சாப்பாட்டுக் குறைபாட்டில் இருந்து தொடங்கிய ஆராய்ச்சினு நினைச்சா எனக்கு ஆச்சர்யமா இருக்கு.

பிறவிக் குறைபாட்டோட இதுக்குள்ள தொடர்பு உறுதியாக 1991 வரை ஆச்சு. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையை இழந்த, அல்லது பெற்ற பெண்களை வெச்சு 7 நாடுகள், 33 மையங்களில் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஓர் ஆய்வு நடத்தியது. கர்ப்பத்துக்கு முன்னாடியே மாத்திரை எடுத்தவங்களுக்குக் குறைபாடு 72% குறைஞ்சது. அதே நேரம் நம்ம ஐ.சி.எம்.ஆரும் இதே மாதிரி ஆய்வை நடத்திக்கிட்டிருந்தது. லண்டன் முடிவு தெரிஞ்ச பிறகும் பாதிப் பேருக்கு மட்டும் வெறும் மாத்திரை கொடுப்பது நியாயமில்லைனு அதைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா, நம்ம ஊர்ல இன்னும் மாத்திரை பெரும்பாலும் கர்ப்பம் உறுதியான பிறகுதான் கைக்கு வருது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணச் சொல்றாங்க. கட்டாயம் பண்ணுங்க. ஆனா, நரம்புக் குழாய் அதுக்கு ரொம்ப முன்னாடியே மூடியிருக்கும்.

'ரேஷன்ல செறிவூட்டப்பட்ட அரிசி தர்றாங்களே?'னு கேட்கலாம். அரசு அளவுப்படி அந்த அரிசி ஒரு கிலோவில் ஃபோலிக் ஆசிட் 75 முதல் 125 மைக்ரோகிராம். தேவை தினம் 400. மூணு கிலோவுக்கு மேல, அஞ்சு கிலோ வரைகூட அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டாத்தான் கணக்கு வரும்! கேன்டீன் கீரையும் ரொம்ப நேரம் வெந்து, தண்ணியும் வடிச்சுட்டா பாதி சத்து போயிடும். பயறு, கடலை, கீரை எல்லாம் சாப்பிடுங்க, அது வேற விஷயம். மாத்திரைக்கு அது மாற்று இல்லை.

குழந்தைக்கு முயற்சி பண்றதுக்குக் குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி தொடங்கி, கர்ப்பத்தின் 12-வது வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம். கடையில் பரவலா கிடைக்கிறது 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது பன்னிரண்டு மடங்குக்கும் மேல. அதிக டோஸ் ஏற்கெனவே பாதிப்பு இருந்தவங்களுக்கும், வேறு சில காரணம் உள்ளவங்களுக்கும் டாக்டர் எழுதித் தர்றது. அதனால ஸ்ட்ரிப்பைத் திருப்பி அளவைப் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாகிட்ட 'குழந்தைக்குத் திட்டமிடுறோம்'னு சொல்லிக் கேளுங்க, கூச்சம் வேண்டாம். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கிறவங்க, சர்க்கரை உள்ளவங்க முன்கூட்டியே டாக்டரைப் பார்க்கணும். ஆனா, வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. ரூபெல்லா தடுப்பூசி போட்டீங்களானு அம்மாகிட்ட கேளுங்க. போடணும்னா கர்ப்பத்துக்கு முன்னாடிதான். ஈயம், சால்வென்ட் புழங்குற லைன்ல வேலைன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எல்லாம் சரியா செஞ்சும் சில குழந்தைகளுக்குக் குறைபாடு வரும். மரபணு உட்பட பல காரணம், சிலதுக்குக் காரணமே தெரியாது. அப்போ 'இவ என்ன சாப்பிட்டாளோ'னு மருமகளை விசாரிக்கிற உறவினருக்கும் இந்தக் கட்டுரையை ஃபார்வேர்டு பண்ணுங்க.

ஷிஃப்ட் மாறும்போது மாத்திரை மறந்துபோகும். நேரத்தோட கட்டிப்போடாம, ஐ.டி கார்டு மாட்டுற ஆணிக்குப் பக்கத்துல ஸ்ட்ரிப்பைத் தொங்கவிடுங்க.