சூயஸ் நெருக்கடி (1956)

சூயஸ் கால்வாயைப் படைபலத்தால் மீட்க முயன்ற பிரிட்டன், எண்ணெயும் டாலரும் கிடைக்காமல் பின்வாங்கிய நிகழ்வு. ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் 29இல் இஸ்ரேல் சினாய்க்குள் நுழைந்தது. ரகசியமாகப் பேசிவைத்தபடி பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்துகொண்டன.

எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. ஈராக் எண்ணெயை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுவந்த குழாய்வழியின் பம்பு நிலையங்கள் சிரியாவில் தகர்க்கப்பட்டன. சவூதி அரேபியா பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எண்ணெயை நிறுத்தியது. இனி பிரிட்டன் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து டாலர் கொடுத்து எண்ணெய் வாங்க வேண்டியிருந்தது. அந்த டாலரோ வேகமாகக் கரைந்தது. ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்ற நிலையான மதிப்பைக் காக்க முயன்றதில், நவம்பரில் மட்டும் சுமார் 27.9 கோடி டாலர் கையிருப்பு குறைந்தது. பிரான்ஸ் அக்டோபரிலேயே பன்னாட்டு நாணய நிதியத்தில் கடன் வசதி பெற்றிருந்தது. பிரிட்டன் அந்த முன்னேற்பாட்டைச் செய்யாதது பெரும் பிழை.

படைகளை விலக்காமல் உதவி இல்லை என்பதில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் உறுதியாக நின்றார். களத்தில் தோற்காத படை, கருவூலத்தின் நெருக்கடியால் திரும்பியது. வெளியேற்றம் அறிவிக்கப்பட்ட பிறகே, டிசம்பரில், நிதியம் 130 கோடி டாலர் அளவுக்கு உதவியது. பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் பதவி விலகினார். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் பிரிட்டனில் வந்த பெட்ரோல் பங்கீடு மே மாதம்வரை நீடித்தது.