ஊர்மக்கள் செய்யும் குடிநீர்ச் சோதனை

இந்தியாவில் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊருக்கு ஐந்து பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுகிறது. ஃபுளோரைடு, நைட்ரேட், எஞ்சிய குளோரின் முதலியவற்றை, நீரில் வேதிப்பொருள் கலந்து, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அறிகிறார்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்நீர் குடிக்க ஆகாது.

கூடுதல் கவனம் கேட்பது கிருமிச் சோதனை. இதற்கான ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. கோடு வரை நீர் நிரப்பி, இறுக மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நீர் கறுத்தால் மலக்கலப்பு இருக்கக்கூடும். வேறு காரணங்களாலும் கறுக்கலாம் என்பதால் இது முதல் எச்சரிக்கை மட்டுமே. ஐயத்துக்குரிய மாதிரி ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும்.