ஊழும் முயற்சியும்: குறள் 371-ஐ முன்வைத்து

ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று ஓரிடத்தில் (380) சொல்லும் வள்ளுவர், தளராமல் உழைப்பவர் அந்த ஊழையே தோற்றோடச் செய்வர் என்று வேறோரிடத்தில் (620) சொல்கிறார். முன்னது அறத்துப்பாலின் பொதுவிதி, பின்னது அரசனுக்கான ஊக்கவுரை என்று பிரித்துச் சமாதானம் கூறும் போக்கு நம் ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. அதை ஏற்க இயலவில்லை. சிக்கலின் முடிச்சு, அதிகம் பேசப்படாத 371-இல் இருப்பதாகவே தோன்றுகிறது.

பொருள் சேர்வதற்குரிய ஊழால் முயற்சி தோன்றும், போவதற்குரிய ஊழால் மடி தோன்றும் என்கிறது அக்குறள். மேலோட்டமாகப் படித்தால் முயற்சிகூட நம் கையில் இல்லை என்றாகிறது. ஆனால் ஊழ் அங்கே எவ்வழியில் செயல்படுகிறது? பொன்மாரி பெய்விக்கவில்லை, வீட்டுக்குத் தீ வைக்கவுமில்லை. செல்வம் ஒருவனுடைய ஊக்கத்தின் வழியாக வருகிறது, சோம்பலின் வழியாகப் போகிறது. முயலாதவனுக்கும் பலன் கிட்டும் என்று அக்குறளில் எங்கும் இல்லை.

ரோமிலும் இந்த வழக்கு நடந்தது. கி.மு. 44-இல் விதியைப் பற்றி எழுதிய நூலில் சிசரோ ஒரு வாதத்தைக் காட்டுகிறார்: நோய் தீரும் என்பது விதியானால், மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும், பிறகு அழைப்பானேன்? இதற்கு ஸ்டோயிக் அறிஞர் கிரிசிப்பஸ் சொன்ன விடையையும் அவரே தருகிறார்: தீர்வது விதித்ததென்றால், மருத்துவரை அழைப்பதும் அதனுடன் சேர்த்தே விதிக்கப்பட்டது. 371-உம் இதையே சொல்கிறது என்பது என் துணிபு. ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்லிக்கொண்டே விடியற்காலையில் நவி மும்பையின் சான்பாடா நிலையத்தில் ரயிலைப் பிடிக்கும் தமிழரின் சொல்லுக்கும் செயலுக்கும் முரண் கிடையாது.

அப்படியானால் மடியும் விதித்ததுதானே, அதை எப்படி விலக்குவது என்று கேட்கலாம். விலக்க முடியாத ஒன்றை விலக்கச் சொல்லி மடியின்மை என்று ஓர் அதிகாரமே (61) பாடுபவரல்லர் வள்ளுவர்.

அதிகார அடைவும் இதற்குத் துணைநிற்கிறது. மடியின்மை 371-க்கும், அடுத்துவரும் ஆள்வினையுடைமை (62) 380-க்கும், இடுக்கணழியாமை (63) நல்லது வரும்போது மகிழ்பவர் அல்லது வரும்போது ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கும் 379-க்கும் விடையாக அமைகின்றன. அதிகாரத்துக்குள் குறள் வரிசை உரைக்கு உரை மாறுவதுண்டு. ஆகவே இவ்வாதம் எண்களை நம்பி நிற்கவில்லை, பொருளையே நம்புகிறது.

இடுக்கணழியாமையில் வள்ளுவரும் ரோம ஸ்டோயிக் அறிஞர் செனிகாவும் அருகருகே நிற்கிறார்கள். எதிரி இல்லாத அறம் வாடிவிடும், விதி வீரமிக்கவரையே தேடி மோதும் என்பது செனிகாவின் எண்ணம். கி.பி. 65-இல் நீரோவின் ஆணைப்படி உயிரை மாய்த்துக்கொண்ட அவருக்கு வெற்றி என்பது உள்ளம் வளையாதிருப்பது மட்டுமே; விதி களத்தைவிட்டு நகர்வதில்லை. 620-இலோ முதுகு காட்டி ஓடுவது ஊழ். உள்ளத்தின் உறுதியோடு உலகத்தில் பலனையும் எதிர்பார்க்கிறார் வள்ளுவர். இந்த ஒரு வேறுபாடே போதும், அவரை ஸ்டோயிக் மரபில் சேர்ப்பது பொருந்தாது.